சபிக்கப்பட்ட உரையாசிரியர்: மொப்சுவேஸ்தியா தெயதோரும் திருமறைப் பொருள்கோளும்

கி.பி. 553ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய ஐந்தாம் பொதுச்சங்கம், ஒரு மாதத்திற்குள் தன் பணியை முடித்துக் கலைந்தது. அது விட்டுச்சென்ற தீர்ப்புகளுள் இரண்டு, திருமறையைப் பொருள்கொள்ளும் முறையின் வரலாற்றைப் பயில்வோர் மறக்கலாகாதவை. இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்ட அலெக்சந்திரிய அறிஞர் ஓரிகனின் பெயர் அச்சங்கத்தின் சாபப் பட்டியலில் இடம்பெற்றது. இறந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்த மொப்சுவேஸ்தியாப் பேராயர் தெயதோரும், அவர்தம் நூல்களும் அதே சங்கத்தால் சபிக்கப்பட்டன.

ஓரிகன் உருவகப் பொருள்கோளின் தலைமகனாக எண்ணப்படுபவர். தெயதோரோ அப்பொருள்கோளைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றவர். ஒருவர் சென்ற வழி தவறெனில் மற்றவர் சென்ற வழி சரியாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. திருச்சபையோ இருவரையும் வெளியே நிறுத்திக் கதவை அடைத்தது. அடைத்த பின்னரும் இருவருடைய முறைகளும் பின்வாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொண்டன என்பது வேறு செய்தி.

இக்கட்டுரையில் நாம் தெயதோரின் வரலாற்றையே சிறப்பாக எடுத்துக்கொள்கிறோம். ஓரிகனைப் பற்றி நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். தெயதோரைப் பற்றிய பாடக்குறிப்போ, 'நெஸ்தோரியுவுக்கு முன்னோடி' என்னும் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. மேலும், சங்கீதம் ஒன்றைக் கையிலெடுத்துப் பிரசங்க பீடம் ஏறும் ஆயர் எவரும் சந்தித்தே ஆகவேண்டிய ஒரு கேள்வியை முழு வன்மையோடு கேட்டவர் அவர். அச்சங்கீதத்தை முதலில் பாடியவர்களுக்கு அதில் தங்களுக்கே உரிய பொருள் ஒன்று இருந்ததா, அன்றி அது நமக்காகவே பொருளின்றிக் காத்துக்கிடந்ததா என்பதே அக்கேள்வி.

ஓரிகன் செய்த உதவி

ஓரிகனுக்கு அநீதி இழைத்துவிட்டுத் தெயதோருக்கு நீதி தேடுதல் முறையன்று. சுமார் 185 முதல் 254 வரை வாழ்ந்த ஓரிகனின் காலத்தில் பழைய ஏற்பாடு திருச்சபையின் கையைவிட்டு நழுவும் நிலையில் இருந்தது. பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசு கிறிஸ்துவின் பிதா வேறு என்று மார்சியோன் முன்னரே போதித்திருந்தார். அவருடைய சபைகள் இன்னும் மறையவில்லை. மோசேயின் கதைகள் கிழவிகள் சொல்லத்தக்கவை என்று செல்சு என்னும் புறமத அறிஞர் எள்ளி நகையாடியிருந்தார். இவ்விருவருக்கும் எதிராகப் பழைய ஏற்பாட்டைத் திருச்சபைக்கு மீட்டுத் தந்தவர்களுள் ஓரிகன் முதன்மையானவர். அதற்கு அவர் எடுத்த கருவியே உருவகப் பொருள்கோள்.

ஓரிகன் எழுத்தைப் புறக்கணித்தவர் என்பது பெரும் பிழை. எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே எழுதி ஒப்புநோக்கிய மாபெரும் பணி அவருடையது. எழுத்தை மதியாதவன் அத்தனை உழைப்பை எழுத்தின்மேல் செலவிடுவானா? ஆயினும், 'முதற்கோட்பாடுகள்' என்னும் தம் நூலின் நான்காம் பகுதியில், மனிதனுக்கு உடல், ஆன்மா, ஆவி என மூன்று உள்ளதுபோலத் திருமறைக்கும் மூவகைப் பொருள் உண்டு என்றார். சில இடங்களில் உடலாகிய நேர்ப்பொருள் அறவே இல்லை என்றும் கூறத் துணிந்தார். கதிரவன் தோன்றுமுன்னர் மூன்று நாள் எவ்வாறு கழிந்தது? உலகின் எல்லா அரசுகளையும் காட்டத்தக்க மலை எங்கே உள்ளது? இத்தகைய தடைக்கற்களைத் தூய ஆவியானவரே வழியில் இட்டுவைத்தார்; வாசிப்போன் இடறி நின்று, ஆழத்தில் தேடவேண்டும் என்பதற்காகவே இட்டுவைத்தார் என்பது ஓரிகனின் விளக்கம்.

நல்ல சமாரியன் உவமையை அவர் கையாண்ட விதம் நமக்கு நன்கு பழகியதே. எருசலேமிலிருந்து இறங்கிப்போன மனிதன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ இவ்வுலகம், ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசனம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. இது தமக்கு முன்னிருந்த மூப்பர் ஒருவரிடமிருந்து வந்த உரை என்று ஓரிகனே சொல்லுகிறார். இதே உரையை நம் ஊர்க் கூட்டங்களில் நாம் இன்றும் கேட்கிறோம். நேற்றிரவு செபத்தில் கிடைத்த வெளிப்பாடாக அதைச் சொல்லுகிறவர், அது மூன்றாம் நூற்றாண்டிலேயே பழமையாகிவிட்டது என்பதை அறியார். 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டவனுக்கு ஆண்டவர் தந்த விடை என்னாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இவ்விடத்தில்தான் அந்தியோகியர் தலையிடுகிறார்கள்.

அந்தியோகியாவின் அச்சம்

தெயதோர் சுமார் 350இல் அந்தியோகியாவில் பிறந்தார். லிபானியு என்னும் புகழ்பெற்ற புறமத நாவலரிடம் சொற்கலை பயின்றார். அங்கே அவருடன் பயின்ற நண்பர்தான் பிற்காலத்தில் பொன்வாயர் எனப் பெயர்பெற்ற யோவான் கிறிசோஸ்தொம். இருவரும் டியோடோரஸ் என்பவரின் துறவுக் கல்விக்கூடத்தில் சேர்ந்தனர். சில காலத்தில் தெயதோர் துறவை விட்டு வெளியேறி, வழக்குரைஞராகி, எர்மியோனே என்னும் பெண்ணை மணக்க விரும்பினார். நண்பர் யோவான் கடிதம் எழுதி அவரைத் திரும்ப அழைத்துவந்தார். அக்கடிதம் இன்றும் உள்ளது. கிறிசோஸ்தொமின் சொல்வன்மையை அதில் வியந்து போற்றுகிறோம். அப்பெண்ணின் பக்கத்து நியாயத்தை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. சுமார் 383இல் தெயதோர் குருப்பட்டம் பெற்றார். 392இல் சிலிசியா நாட்டில் உள்ள மொப்சுவேஸ்தியாவின் பேராயரானார். 428இல் இறக்கும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். வாழ்நாளில் அவரைத் திருச்சபை எதற்காகவும் கண்டித்துத் தீர்ப்பளிக்கவில்லை என்பதை இங்கே நினைவில் நிறுத்துதல் நலம்.

அந்தியோகியர் ஏன் உருவகப் பொருள்கோளுக்கு அஞ்சினர்? அலெக்சந்திரியர் கற்பனை மிக்கவர், அந்தியோகியர் அறிவு மிக்கவர் என்று பழைய பாடநூல்கள் எழுதியது போதிய விளக்கமாகாது. டியோடோரஸ் அந்தியோகியாவில் பணியாற்றிய நாள்களில், 362–363இல், பேரரசன் யூலியான் அந்நகரில் வந்து தங்கினான். கிறிஸ்தவனாக வளர்ந்து பின்னர் புறமதத்தைத் தழுவிய அவன், பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றான். ஓமரும் எசியோதும் பாடிய தேவர் கதைகளில் பொருந்தாத செய்திகள் உள்ளனவே என்று கேட்டால், அவனும் அவனைச் சார்ந்த மெய்யியலாரும் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருந்தனர். கதை எவ்வளவுக்குப் பொருந்தாததாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்கு அதன் உட்பொருள் ஆழமானது. அறிவிலிகள் கதையைப் பிடித்துக்கொள்வர், அறிவுடையோர் மறைபொருளைக் காண்பர் என்றனர்.

இவ்விடை ஓரிகனின் விடையை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். நூறாண்டுக்கு முன்னர் திருமறையைக் காக்கும் கேடயமாக இருந்த முறை, இப்போது எதிரியின் கையில் இருந்தது. மோசேயின் வரலாற்றையும் அதே முறையில் வாசித்தால், செங்கடலைக் கடந்த நிகழ்ச்சிக்கும் குரோனோஸ் தன் பிள்ளைகளை விழுங்கிய கதைக்கும் வேறுபாடு என்ன? தேவன் வரலாற்றில் உண்மையாகவே செயல்பட்டார் என்பதே நம் விசுவாசத்தின் ஆணிவேர். அது போனால் மீதியிருப்பது அழகிய தத்துவமேயன்றி நற்செய்தியாகாது. டியோடோரஸும் தெயதோரும் இலக்கண ஆசிரியரைப்போல் எழுத்துக்கு எழுத்து வாதாடியதன் பின்னே இந்த அச்சம் நின்றது என்றே நாம் கருதுகிறோம். பிரான்சஸ் யங் அம்மையார் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வேறுபாட்டிற்கு வேர் மெய்யியல் பள்ளிகளுக்கும் சொற்கலைப் பள்ளிகளுக்கும் இடையிலிருந்த பழம் பிணக்கே எனக் காட்டினார். அதுவும் உண்மையே, லிபானியுவின் மாணவர் வேறு எவ்வாறு வாசித்திருப்பார்? ஆயினும், பள்ளிகளின் பிணக்கு மட்டுமே ஒருவரை இத்தனைச் சினத்தோடு எழுதவைக்குமா என்பது நம் ஐயம்.

'ஞான அர்த்தம்'

போரின் மையம் கலாத்தியர் 4:24. ஆகாரையும் சாராளையும் பற்றிப் பேசும் பவுல் அப்போஸ்தலர், 'அலிகோரியா' என்னும் சொல்லின் வினைவடிவத்தை அங்கே ஆளுகிறார். அப்போஸ்தலரே செய்துகாட்டியதை நாங்கள் செய்தால் என்ன குற்றம் என்பது அலெக்சந்திரியரின் வாதம். நம்முடைய தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் 'ஞான அர்த்தம்' என்னும் தொடரை ஆண்டிருப்பது கவனிக்கத்தக்கது. நேர்ப்பொருளுக்கு மேலான ஞானப்பொருள் ஒன்று மறைந்து கிடக்கிறது என்னும் எண்ணத்தை அத்தொடர் நம்மிடம் எளிதில் எழுப்புகிறது. தமிழ் வாசகன் தன்னை அறியாமலே பாதி அலெக்சந்திரியனாகிவிடுகிறான்.

தெயதோர் கலாத்தியர் நிருப உரையில் இவ்விடத்தில் நெடுநேரம் நிற்கிறார். அப்போஸ்தலர் வரலாற்றை அழிக்கவில்லை. ஆபிரகாமுக்கு இரு மனைவியர் இருந்தனர், இரு புதல்வர் பிறந்தனர் என்பதை நடந்த செய்தியாகக் கொண்டே, அன்று நடந்ததையும் இன்று நடப்பதையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். அவ்வொப்பீட்டையே அலிகோரியா என்கிறார் என்பது அவருடைய வாதம். நடந்திராத ஒன்றோடு எதை ஒப்பிடுவது? ஆதாம் ஆதாம் அல்லன், பரதீசு பரதீசு அன்று, சர்ப்பம் சர்ப்பம் அன்று என்று சொல்லிக்கொண்டே போவோர் இறுதியில் கிறிஸ்து எதைச் சரிசெய்ய வந்தார் என்று எவ்வாறு சொல்வர் என்றும் கேட்கிறார். விழுந்தது கதையானால், எழுப்பியதும் கதைதானே?

எனினும், அந்தியோகியர் எழுத்தோடு நின்றுவிட்டவர் அல்லர். டியோடோரஸ், உருவகத்திற்கும் 'தியோரியா'வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித் தனிநூலே எழுதினார், அந்நூல் அழிந்தது. தியோரியாவைத் தமிழில் உட்காட்சி எனலாம். வரலாற்றைத் தள்ளிவிட்டு அதற்கு அப்பால் செல்லாமல், வரலாற்றின் ஊடாகவே அதன் நிறைவைக் காண்பது அது. தெயதோரின் பன்னிரு சிறிய தீர்க்கதரிசிகள் உரை கிரேக்கத்தில் முழுமையாகக் கிடைப்பதால், இம்முறை நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்று நாம் காணமுடிகிறது. சகரியா 9:9இல் கழுதையின்மேல் வரும் இராசா யார்? சிலர் அவ்வசனத்தின் ஒரு பாதியைச் செருபாபேலுக்கும் மறுபாதியைக் கிறிஸ்துவுக்கும் பங்கிட்டனர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கும் இப்போக்கைத் தெயதோர் ஏற்கவில்லை. தீர்க்கதரிசி பேசுவது முழுவதும் செருபாபேலைப் பற்றியே. ஆனால், சொற்கள் செருபாபேல் என்னும் மனிதனின் அளவை மீறிப் பொங்கி வழிகின்றன. அவ்வாறு மிகையாக நின்ற சொற்கள் கிறிஸ்துவில்தான் தம் உண்மையான அளவைக் கண்டன என்றார்.

யோவேல் 2ஆம் அதிகாரத்திலும் இதே வழி. தேவன் தம் ஆவியை மாம்சமான யாவர்மேலும் ஊற்றுவார் என்பதைக் கேட்ட யூதேயர், தூய ஆவியானவரைத் தனி ஆளாக அறிந்திலர். தேவனுடைய அருட்பார்வை தங்கள்மேல் நிறைவாக வரும் என்றே அவர்கள் விளங்கிக்கொண்டனர். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு அவ்வாக்கை எடுத்தாண்டபோது, நிழலாக இருந்தது பொருளாயிற்று. நாம் இதனைப் படிக்கையில், ஒரு பெரிய நேர்மையைக் காண்கிறோம். தம் காலத்துத் திரித்துவக் கோட்பாட்டை யோவேலின் வாயில் திணிக்க அவர் மறுத்தார். அக்கோட்பாட்டை அவர் மறுத்தவரல்லர், அதற்காகப் போராடியவர். ஆயினும், தான் அறியாததை யோவேல் அறிந்ததாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நான்கு சங்கீதங்கள்

இதே நேர்மை சங்கீதங்களின் உரையில் அவரை ஆபத்தான எல்லைக்குக் கொண்டுசென்றது. சங்கீதங்கள் யாவும் தாவீது பாடியவை என்று அவர் நம்பினார். ஆனால், தாவீது தீர்க்கதரிசியாகையால், பிற்காலத்து எசேக்கியாவின் வாயாகவும், பாபிலோனில் சிறைப்பட்டோரின் வாயாகவும், மக்கபேயரின் வாயாகவும் நின்று பாடினார் என்றார். 44ஆம் சங்கீதத்தை மக்கபேயர் காலத்து அழுகையாகக் கொண்டார். சங்கீதங்களின் தலைப்புகள் மூலத்தைச் சேர்ந்தவையல்ல என்று தள்ளினார். கிறிஸ்துவை நேராகக் குறிப்பவை 2, 8, 45, 110 ஆகிய நான்கு மட்டுமே என்றார். திருச்சபை அன்றுவரை நூற்றைம்பதிலும் கிறிஸ்துவின் குரலைக் கேட்டு வந்திருக்க, ஓர் இளம் உரையாசிரியர் அதனை நான்காகச் சுருக்கியது எத்தகைய அதிர்ச்சியைத் தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

22ஆம் சங்கீதமும் அந்நான்கில் இல்லை. அப்சலோமுக்குத் தப்பியோடிய தாவீதின் குரல் அது. சிலுவையில் ஆண்டவர் அதன் முதல் வரியைச் சொன்னது, துன்புறும் எவரும் அச்சொற்களை எடுத்துச் சொல்வது போன்றதே என்றார். இதற்கு அவர் காட்டிய காரணத்தை உற்றுநோக்கவேண்டும். எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பில் முதல் வசனம் 'என் குற்றங்களின் வார்த்தைகள்' என்று பேசுகிறது. பாவமறியாத கிறிஸ்து தம் குற்றங்களைப் பற்றி எவ்வாறு பேசுவார்? வாதம் அழுத்தமானதுதான். ஆனால், எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் குற்றம் என்னும் சொல்லே இல்லை. கதறல் என்பதே உள்ளது. தெயதோருக்கு எபிரேயம் தெரியாது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பே தலைசிறந்தது என நம்பினார். சுரியானி மொழிபெயர்ப்பை, இன்னார் எனத் தெரியாத ஒருவர் செய்தது என்று ஒதுக்கினார். வரலாற்றின் பெயரால் பேசியவரை, மூலமொழி அறியாமை வரலாற்றுக்கே எதிர்ப்புறத்தில் நிறுத்திவிட்டது. நம் கல்லூரிகளில் எபிரேய வகுப்பைச் சுமையெனக் கருதும் மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

அவருடைய முறையிலேயே மற்றொரு குறையும் உண்டு. ஒரு சங்கீதத்திற்கு ஒரே பேசுவோர், ஒரே சூழல், ஒரே நோக்கு என்னும் விதியை அவர் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். சங்கீதங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேவாலயத்தில் பாடப்பட்டு, ஒவ்வொரு தலைமுறையின் கண்ணீரையும் ஏற்று வளர்ந்தவை என்பதற்கு அவ்விதியில் இடமில்லை. ஓரிகன் ஆயிரம் பொருள் கண்ட இடத்தில் இவர் ஒன்றையே கண்டார். ஓரிகனிடம் வாசகனுக்கு எல்லையற்ற உரிமை; இவரிடம் பாடலுக்கு மூச்சுவிடவும் இடமில்லை. சங்கீத உரை தம் முதல் நூலாகையால், அதில் வேண்டிய கவனம் செலுத்தவில்லை எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டதாக ஆப்பிரிக்கப் பேராயர் பக்குந்து குறித்திருக்கிறார்.

உன்னதப்பாட்டை, எகிப்திய அரசகுமாரியைச் சாலொமோன் மணந்ததைக் குறைகூறியவர்களுக்கு மறுமொழியாகப் பாடப்பட்டது என்றார். யோபின் நூலில் வரும் உரையாடல்கள் கிரேக்க நாடகங்களைப் பின்பற்றி யாரோ ஒருவர் புனைந்தவை. யோபு என்னும் பக்தனின் பெயருக்கு அவை இழுக்கு என்றார். பின்னதை இன்று நாம் ஏற்பதற்கில்லை. முன்னதில், ஆண்பெண் அன்பைப் பாடும் ஒரு பாட்டு அவ்வாறே இருக்கட்டும் என்று விட்ட துணிவு மட்டும் நம் நினைவில் நிற்கிறது.

இறந்தவரை விசாரித்தல்

தெயதோர் இறந்த அதே 428இல் நெஸ்தோரியு தலைநகரின் பேராயரானார். 431இல் எபேசுச் சங்கம் அவரைத் தள்ளியது. கனி கசந்ததும் வேரைத் தோண்டத் தொடங்கினர். அலெக்சந்திரியாவின் சிரில், நெஸ்தோரியுவின் போதனைக்கு ஊற்று டியோடோரஸும் தெயதோருமே என்று எழுதினார். ஆயினும், 451இல் கூடிய கல்செதோன் சங்கம் தெயதோரைத் தொடவில்லை.

தொட்டவன் பேரரசன் யுஸ்தினியான். கல்செதோனை ஏற்காத எகிப்திய, சுரியானியக் கிறிஸ்தவர்களைத் தன் பக்கம் இழுக்க வழிதேடிய அவன், அவர்கள் வெறுத்த மூன்று இலக்குகளைத் தேர்ந்தெடுத்தான்: தெயதோரின் ஆளும் நூல்களும், தியடரெட் எழுதியவற்றுள் சில, எதெசாவின் ஈபா எழுதிய ஒரு கடிதம். இவற்றையே 'மூன்று தலைப்புகள்' என்று வரலாறு அழைக்கிறது. 550ஆம் ஆண்டு சூன் மாதம் மொப்சுவேஸ்தியாவிலேயே ஒரு விசாரணை நடந்தது. வழிபாட்டில் நினைவுகூரப்படும் பேராயர்களின் பட்டியலில் தெயதோரின் பெயர் உண்டா என்று முதிய குருமாரும் ஊர்ப் பெரியவர்களும் விசாரிக்கப்பட்டனர். பட்டியல் கொண்டுவரப்பட்டது. அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சிரிலின் பெயர் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் தங்களுக்கு ஆயராயிருந்தவரைத் தம் நினைவுக்கு எட்டியவரை அவ்வூரார் வழிபாட்டில் நினைவுகூரவில்லை என்பது சாட்சியமாயிற்று. யாருடைய கை, எந்நாளில் அப்பெயரை நீக்கியது என்பதைச் சாட்சிகளால் சொல்ல முடியவில்லை.

553ஆம் ஆண்டுச் சங்கத்தின் நான்காம் அமர்வில் அவர் நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட எழுபத்தொரு பகுதிகள் வாசிக்கப்பட்டன. கிறிஸ்துவின் இரு தன்மைகளை அவர் பிரித்துவிட்டார் என்பதே தலைமைக் குற்றச்சாட்டு. ஆனால், 22ஆம் சங்கீதத்தின் உரையும், யோபு, உன்னதப்பாட்டு பற்றிய கருத்துகளும் அவற்றோடு சேர்த்து வாசிக்கப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. பொருள்கோள் முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. இறந்தவரைச் சபிக்கலாமா என்னும் கேள்வி எழுந்தபோது, அகுஸ்தீனுவின் கடிதங்களை எடுத்துக்காட்டி, ஆம் என்று தீர்த்தனர். அப்போது அந்நகரிலேயே இருந்த ரோமாபுரிப் பாப்பு விகிலியு சங்கத்திற்கு வர மறுத்தார். அறுபது பகுதிகளைக் கண்டித்தபோதிலும், திருச்சபையின் சமாதானத்தில் மரித்தவரின் ஆளைச் சபிக்கமாட்டேன் என்று மே 14ஆம் நாள் எழுதினார். டிசம்பரில் அவரும் பணிந்தார். பக்குந்து மட்டும் பன்னிரு பகுதிகளில் ஒரு நூலெழுதி, இறுதிவரை எதிர்த்து நின்றார். எகிப்தியரும் சுரியானியரும் யுஸ்தினியான் எதிர்பார்த்தபடி திரும்பி வரவுமில்லை.

வாசிக்கப்பட்ட பகுதிகள் நேர்மையாக எடுக்கப்பட்டவையா என்பது இன்றும் தீராத வழக்கு. அவை திரிக்கப்பட்டவை என்று 1948இல் தெவ்ரேஸ் வாதிட்டார். 1956இல் சல்லிவன் அதனை மறுத்தார். பகுதிகள் சொல்லுக்குச் சொல் உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், முன்னும் பின்னும் வெட்டப்பட்ட எழுபத்தொரு துண்டுகளைக் கொண்டு ஒருவரின் வாழ்நாள் உழைப்பைத் தீர்க்கலாமா? சூழலைவிட்டு வசனத்தைப் பிரிக்காதே என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவருக்கு அக்கதியே நேர்ந்தது.

யூத முறையில் வாசிக்கிறார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட மற்றொரு குற்றச்சாட்டு. இதே குற்றச்சாட்டை 1593இல் லுத்தரன் இறையியலார் எகிதியு ஹுன்னியு கால்வின்மேல் சுமத்தி ஒரு நூலே எழுதினார் என்பதை நம் சபைகள் இரண்டும் நினைவில் வைப்பது நலம்.

கிழக்கே சென்ற நூல்கள்

ரோமப் பேரரசில் சபிக்கப்பட்டவர் பாரசீகத்தில் மணிமுடி பெற்றார். ஐந்தாம் நூற்றாண்டில் எதெசாப் பள்ளியில் அவர் நூல்கள் சுரியானியில் பெயர்க்கப்பட்டன. 489இல் பேரரசன் சீனோன் அப்பள்ளியை மூடியபின், எல்லைக்கு அப்பால் இருந்த நிசிபிசில் அம்மரபு தழைத்தது. கீழைத் திருச்சபை தெயதோரைப் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. 'உரையாசிரியர்' என்றாலே அவர்தான். தொல்காப்பியத்திற்கு உரை கண்ட இளம்பூரணரை நம் முன்னோர் அவ்வாறே அழைத்ததைத் தமிழ் மாணவர் அறிவர். யாரோ செய்த மொழிபெயர்ப்பு என்று தெயதோர் எந்தச் சுரியானியை ஒதுக்கினாரோ, அம்மொழியே அவரைக் காத்தது.

ஆனால், காத்தவர்களும் அவரைச் சிறைப்படுத்தினர். நிசிபிசுப் பள்ளியின் தலைவராயிருந்த எனானா, சில இடங்களில் தெயதோரை விட்டு விலகி உரைசொல்லத் தொடங்கியபோது பெரும் பூசல் மூண்டது. முந்நூறு மாணவர்கள் பள்ளியைவிட்டு வெளியேறினர் என்று மரபு கூறுகிறது. 605இல் கூடிய சங்கம், உரையாசிரியரின் உரைகளை மறுத்தல் எவருக்கும் ஆகாது என விதித்தது. முன்னோர் உரையைத் தயங்காமல் மறுத்தவரின் உரை, மறுக்கலாகாத சட்டமாயிற்று. 553ஆம் ஆண்டின் சாபத்தைவிட 605ஆம் ஆண்டின் புகழ்ச்சியே அவருடைய முறைக்கு மிகுந்த கேடு செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மேற்கே அவர் மாறுவேடத்தில் உலவினார். பவுலின் சிறிய நிருபங்களுக்கு அவர் எழுதிய உரை, அம்புரோசியுவின் பெயரால் இலத்தீனில் வழங்கியது. சபிக்கப்பட்டவரை வாசிக்கிறோம் என்று அறியாமலே துறவிகள் பயபக்தியோடு அதனைப் படியெடுத்தனர். 1880, 1882 ஆகிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் சுவீட்டு அதனை உரியவர் பெயரோடு பதிப்பித்தார். சங்கீத உரையோ எக்லானம் யூலியானின் இலத்தீன் வடிவில் அயர்லாந்துத் துறவிகளின் கையில் சேர்ந்தது. அவர்கள் அதன் ஓரங்களில் தங்கள் தாய்மொழியில் குறிப்பெழுதிப் பயின்றனர்.

நம் கரையில்

தெயதோரின் வரலாறு நம் நாட்டுக் கரையையும் தொடுகிறது. மலபாரின் தோமா கிறிஸ்தவர்கள் கீழைச் சுரியானி வழிபாட்டைக் கொண்டிருந்தனர். அவர்தம் வழிபாட்டு நூல்களில் தெயதோரின் பெயரால் வழங்கிய நற்கருணை முறையும் இருந்தது. 1599ஆம் ஆண்டு சூன் மாதம், கோவாவின் பேராயர் அலெக்சிசு மெனேசசு கொச்சிக்கருகே உதயம்பேரூரில் கூட்டிய சங்கம், நெஸ்தோரியு, தெயதோர், டியோடோரஸ் ஆகியோரைச் சபித்தது. அவர்கள் பெயரால் அமைந்த நற்கருணை முறைகளை நூல்களிலிருந்து வெட்டியெடுத்து எரிக்கக் கட்டளையிட்டது. வேறு பல சுரியானி ஏடுகளும் அழிக்கப்பட்டன. ஆயிரத்து நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டாண்டினோபிளில் கூறிய சாபம், தென்னிந்தியத் தென்னந்தோப்பு ஒன்றில் தீயாக எரிந்தது.

தீக்குத் தப்பியவை நம் முன்னோர் காலத்தில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. யோவான் சுவிசேஷ உரையின் சுரியானி வடிவத்தை 1897இல் சாபோ பதிப்பித்தார். திருமுழுக்கு பெறுவோருக்கு அவர் ஆற்றிய உரைகளை 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் மிங்கானா வெளியிட்டார். அவற்றைப் படிப்போர், வறண்ட இலக்கணக்காரர் என்று தாம் எண்ணியிருந்தவர், திருமுழுக்கு பெற வந்தவர்கள்முன் எத்தகைய கனிவோடு பேசுகிறார் என்று வியப்பர். 'மனித அவதாரம்' பற்றிய அவருடைய பெருநூல் ஒன்றை 1905இல் சேர்த்து நகரில் கல்தேயப் பேராயர் அத்தாய் சேர் கண்டெடுத்தார். அதனை அச்சிடுமுன் உலகப்போர் வந்தது. 1915இல் அப்பேராயர் கொல்லப்பட்டார்; ஏடும் மறைந்தது.

1994ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், அசீரியக் கீழைத் திருச்சபையின் தலைவர் மார் தின்கா நான்காம் அவர்களும் பாப்பு இரண்டாம் யோவான் பவுலும் கிறிஸ்துவைப் பற்றிய ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். தெயதோரின்மேல் கூறப்பட்ட சாபத்தைப் பற்றி அவ்வறிக்கை எதுவும் சொல்லவில்லை. ஆயினும், அத்திருச்சபையைச் சேர்ந்த கல்தேய சுரியானி சபை திரிச்சூரில் உள்ளது. உதயம்பேரூருக்கும் திரிச்சூருக்கும் இடையே நூறு கிலோமீட்டர் இல்லை. அவர்களுடைய நாட்காட்டியில், எப்பிபானியா காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை கிரேக்க ஆசான்களின் நினைவுநாள்: டியோடோரஸ், தெயதோர், நெஸ்தோரியு. மொப்சுவேஸ்தியாவின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர் அங்கே இன்றும் வாசிக்கப்படுகிறது.